வலி உணராத கைகள்

ஒரு தொழிலை நன்கு அறிந்திருப்பது வேறு; அத்தொழிலால் பிறருக்கு விளையும் நன்மை தீமைகளுக்குத் தன்னையே பொறுப்பாளியாக்கிக்கொள்வது வேறு. இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருக்கக் காணும்போதுதான் நம் உடலையும் உடைமையையும் வழக்கையும் அவரிடம் நம்பி ஒப்படைக்கிறோம். கத்தியைக் கையாளத் தெரிந்தவர் அனைவரிடமும் நாம் அறுவை மருத்துவம் செய்துகொள்வதில்லை. சட்ட நூல்களை மனப்பாடம் செய்தவர் அனைவரையும் நம் வழக்கறிஞராக அமர்த்துவதில்லை. அறிவுக்கு மேலாக ஒரு பிணைப்பை அவர்களிடம் எதிர்பார்க்கிறோம்.

இன்று நம் வாழ்வின் பெரும்பகுதி முகம் தெரியாத ஒரு புதிய கைவினைஞரின் கையில் இருக்கிறது. கணினி மென்பொருளை எழுதுபவரே அவர். நகரத்தாருக்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. கொல்லிமலையில் செம்மேட்டிலிருந்து வெகுதூரம் உள்ளடங்கிய சிற்றூர்களிலும் முதியோர் உதவித்தொகை, ஊரக வேலைத் திட்டக் கூலி, சாதிச் சான்றிதழ், நியாயவிலைக் கடை அரிசி ஆகிய யாவும் ஏதோ ஒரு மென்பொருளின் வழியாகவே வந்து சேர்கின்றன. அது சரியாக இயங்கினால் நாம் அதை எண்ணிப்பார்ப்பதில்லை. இயங்காத அன்றுதான் ஒரு வினா எழுகிறது: இதை எழுதியவர் யாருக்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்?

பெயரை ஏற்றார்கள், பிணைப்பை ஏற்றார்களா?

ஆங்கிலத்தில் ‘புரொஃபஷன்’ என வழங்கும் சொல், வெளிப்படையாக அறிக்கையிடுதல் எனும் பொருள் தரும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. துறவியர் இறைமக்கள் முன்னிலையில் தரும் வார்த்தைப்பாட்டைக் குறிக்கவே அச்சொல் முதலில் ஆளப்பட்டது. மருத்துவத்தையும் சட்டத்தையும் அது குறிக்கத் தொடங்கியது பின்னாளில்தான். ஆகவே அச்சொல்லின் உட்பொருள் வருவாய் ஈட்டும் வழி என்பதன்று. பலர் அறியத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்ட நிலை என்பதே.

நம் நாடும் சில தொழில்களுக்கு இக்கட்டுப்பாட்டைச் சட்டமாகவே இயற்றியிருக்கிறது. பட்டயக் கணக்கர்களுக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. வழக்கறிஞர்களுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமும், கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. மருத்துவர்களை இன்று 2019-ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் நெறிப்படுத்துகிறது. இவர்களுள் ஒருவர் நெறி தவறினால் அவரது பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க ஓர் அவை இருக்கிறது. அந்த அவைகள் எப்போதும் செம்மையாகச் செயல்படுகின்றன என்று எவரும் சொல்லமாட்டார்; ஆயினும் முறையிடுவதற்கு ஒரு கதவாவது இருக்கிறது.

மென்பொருள் எழுதுவோருக்கு அத்தகைய கதவு இல்லை. ‘மென்பொருள் பொறியியல்’ எனும் பெயர் 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் நடந்த ஒரு மாநாட்டின் வழியாகவே உலகெங்கும் பரவியது. பிற பொறியியல் துறைகளைப் போன்ற உறுதியான அடித்தளமும் ஒழுங்கும் இத்துறைக்குத் தேவை என்று உணர்த்தவே அப்பெயரைச் சூட்டினர். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பெயர் நிலைத்த அளவுக்குப் பிணைப்பு நிலைக்கவில்லை. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளோடு வரும் உடன்படிக்கையைப் பொறுமையாகப் படித்துப் பார்ப்பவர், இதனால் நேரும் இழப்புக்கு உருவாக்கியவர் பொறுப்பல்லர் என்ற பொருள்படும் வாசகத்தைப் பெரும்பாலும் காண்பார். தன் பாலத்தைக் குறித்து அவ்வாறு எழுதித் தரும் ஒரு பொறியாளரை நாம் ஏற்றுக்கொள்வோமா?

ஓர் இளைஞரின் ஆற்றாமை

இத்துறையில் உழைப்போர் அனைவரும் மனச்சான்று அற்றவர்கள் என்று எவரும் கருதிவிடலாகாது. இம்மலையிலிருந்து படித்துச் சென்று பெருநகரில் மென்பொருள் எழுதும் ஓர் இளைஞர், கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் வந்திருந்தபோது தம் மனச்சுமையை என்னிடம் பகிர்ந்துகொண்டார். “ஃபாதர், பிழை இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். சொல்லவும் செய்வோம். ஆனால் தேதி குறித்தாயிற்று, முதலில் அனுப்பிவிடு, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பார்கள். பரிசோதனைக்கு என்று ஒதுக்கிய வாரங்களே முதலில் வெட்டப்படும். அடுத்த வேலை வந்துவிடும், அந்தப் ‘பிறகு’ வரவே வராது” என்றார். பிழை இருப்பதாக எழுதி வைத்தவரே வேலையைத் தாமதப்படுத்துபவர் என்று பெயர் எடுப்பதாகவும் வருந்தினார்.

நான் அவரிடம், “மறுத்தால் என்ன ஆகும்?” என்று கேட்டேன். “என் இடத்தில் வேறொருவரை உட்கார வைப்பார்கள், ஃபாதர். அவ்வளவுதான்” என்றார்.

இச்சொற்களில் ஒரு தொழிலின் முழு நோயும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கையொப்பமிட மறுக்கும் கட்டடக் கலைஞருக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. இவ்விளைஞருக்குப் பின்னால் நிற்பது வீட்டுக்கடன் தவணை மட்டுமே.

தொலைவில் இருந்தவர்களும் அருகில் இருந்தவர்களும்

மென்பொருட் பிழை மனித உயிரைத் தொட்ட நிகழ்ச்சிகளுள் பலராலும் ஆராயப்பட்டது ‘தெராக்-25’ என்ற கதிர்வீச்சு மருத்துவக் கருவியின் வரலாறு. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று உருவாக்கிய அக்கருவியால் 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அறுவர் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர்; சிலர் அதனாலேயே உயிரிழந்தனர். அதற்கு முந்தைய கருவிகளில் ஆபத்தைத் தடுக்க இயந்திரத் தடைகள் இருந்தன. புதிய கருவியில் அவற்றை அகற்றிவிட்டு, அப்பணியை மென்பொருளிடம் விட்டனர். பழைய கருவியின் மென்பொருட் பகுதிகளே புதியதிலும் பயன்பட்டன. அவற்றில் இருந்த பிழைகளை அதுவரை இயந்திரத் தடைகள் மறைத்து வந்திருந்தன.

1986 மார்ச் மாதம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு நோயாளி தமக்கு ஏதோ நேர்ந்துவிட்டதாக அலறினார். நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து சோதித்துக் குறை எதுவும் இல்லை என்றனர். கருவி மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. ஏப்ரலில் அதே மருத்துவமனையில் இன்னொருவர் பாதிக்கப்பட்டார். இறுதியில் பிழை வெளிப்படும் விதத்தைக் கண்டறிந்தவர்கள் யார்? அம்மருத்துவமனையின் இயற்பியலாளரும், கருவியை இயக்கிய பெண்மணியுமே. திரையில் எழுத்துகளை எந்த வேகத்தில் திருத்தினால் கருவி தடுமாறுகிறது என்று அவர்கள் திரும்பத் திரும்ப முயன்று கண்டுகொண்டனர். நோயாளியின் அலறலைக் கேட்டவர்களால் முடிந்தது, தொலைவில் இருந்தவர்களால் முடியவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி இங்கிலாந்தில் நடந்தது. அந்நாட்டு அஞ்சல் நிலையங்களில் 1999 முதல் ஃபுஜிட்சு நிறுவனத்தின் ‘ஹொரைசன்’ எனும் கணக்கு மென்பொருள் நிறுவப்பட்டது. அது காட்டிய போலியான பற்றாக்குறைகளை நம்பி, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் திருடர்கள் என்றும் ஏமாற்றுக்காரர்கள் என்றும் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் பலர் இந்தியத் துணைக்கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். கருவுற்றிருந்த நிலையில் சிறை சென்ற பெண்ணும் அவர்களுள் உண்டு. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்த பலரிடமும், “இப்படி நேர்வது உங்கள் ஒருவருக்கு மட்டுமே” என்ற கருத்துப்படவே பதில் கூறப்பட்டது. கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்று ஊகிப்பதே அந்நாட்டுச் சட்டத்தின் நிலையாகவும் இருந்தது. 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அந்த மென்பொருளின் குறைகளை உறுதிசெய்தது. 2024 மே மாதம் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி அத்தண்டனைகளைப் பெருமளவில் நீக்கியது. தற்கொலை செய்துகொண்டவர்கள் குறைந்தது 13 பேர் இருக்கலாம் என்று விசாரணைக் குழுவின் 2025 ஜூலை அறிக்கை கூறுகிறது. அவர்களுக்கு எந்தத் தீர்ப்பும் பயன்படாது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் பிழை இருந்தது என்பது மட்டும் குற்றமன்று. மனிதர் செய்யும் எதிலும் பிழை இருக்கும். வலித்தவர் எழுப்பிய குரல், பிழையைத் திருத்தக்கூடியவரின் காதுக்குச் சென்று சேரவில்லை என்பதே பெருங்குற்றம்.

கொல்லிமலையில் பிறந்த ஒருவர் கற்பித்த பாடம்

இவ்விடத்தில் இம்மலையின் மைந்தர் ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமாகும். பிற சபையைச் சேர்ந்த மறைப்பணியாளர்களான ஜெசி பிராண்ட், ஈவ்லின் தம்பதியருக்கு 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர் மருத்துவர் பால் பிராண்ட். தந்தை 1929-இல் காய்ச்சலுக்குப் பலியானார். தாய் முதுமையிலும் மலை மக்களை விட்டு அகலாமல் 1974-இல் மறைந்தார். மகனோ முதலில் கட்டடத் தொழிலைக் கற்று, பின்னர் மருத்துவராகி, வேலூரில் தொழுநோயாளரிடையே உழைத்தார்.

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்றே உலகம் அதுவரை நம்பியிருந்தது. பால் பிராண்ட் கண்டறிந்தது வேறு. நோய் நரம்புகளைத் தாக்கி வலி உணர்வை அழித்துவிடுகிறது. வலி தெரியாததால் நோயாளி சுடுபாத்திரத்தைப் பற்றுகிறார். முள் தைத்த காலோடு நடக்கிறார். புண் புரையோடி விரல் போய்விடுகிறது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தம்மால் திறக்க முடியாதபோது, ஒரு சிறுவன் எளிதாகத் திருகித் திறந்ததைக் கண்டு அவர் வியந்தார். பின்னர் அச்சிறுவனின் கையைப் பார்த்தால், விரல் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருந்தது. அவனிடம் இருந்தது மிகுந்த வலிமை என்று தோன்றியது. உண்மையில் வலியின்மையே அது.

மென்பொருள் துறையின் வியத்தகு வேகத்தைக் காணும்போதெல்லாம் அச்சிறுவனின் கையே என் நினைவுக்கு வருகிறது. பிறரால் ஓராண்டில் செய்ய இயலாததை மூன்று திங்களில் செய்து முடிக்கிறார்கள். அவ்வேகம் முழுவதும் திறமையால் வந்ததா? அன்று, ஒரு பகுதி வலி தெரியாமையால் வந்தது. கிழிபடும் விரல் மட்டும் அவர்களுடையதன்று, வேறு எவருடையதோ.

நம் மாநிலத்து நியாயவிலைக் கடைகளில் 2020 முதல் விரல்ரேகை வைத்துப் பொருள் பெறும் முறை வந்தது. போலிகளைத் தடுக்கும் அதன் நோக்கம் நல்லதே; ரேகை பதியாதவர்களுக்கு மாற்று வழிகளையும் அரசு வகுத்திருக்கிறது. ஆயினும் மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் மண்வெட்டியும் தேய்த்துவிட்ட ஒரு மூதாட்டியின் விரலை இயந்திரம் ஏற்க மறுக்கும்போது, அலைவரிசை கிடைக்காமல் அது சுழன்றுகொண்டே இருக்கும்போது, அவர் ஒருநாள் கூலியை இழந்து மலைப்பாதையில் வெறுங்கையோடு திரும்பி நடக்கிறார். இந்த வலி எங்கே பதிவாகிறது? மென்பொருளின் கணக்கில் அது ‘பதியவில்லை’ என்ற ஒரு வரி. வலிமையுள்ளோரின் வலி அவ்வாறு மறைந்துபோவதில்லை. 2021 ஜூனில் தொடங்கப்பட்ட புதிய வருமான வரி இணையதளம் தொடர்ந்து தடுமாறியபோது, ஆகஸ்ட் 23 அன்று நிதி அமைச்சகம் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியையே அழைத்து விளக்கம் கேட்டது. கேட்டது முறையே. மூதாட்டிக்காக எவரை யார் அழைப்பார் என்பதுதான் நம் வினா.

செயற்கை வலி

பால் பிராண்ட் தம் பிற்காலத்தில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் மற்றொரு முயற்சியை மேற்கொண்டார். வலி இழந்த நோயாளிகளுக்குச் செயற்கையாக வலி தர ஒரு கருவியை உருவாக்க முனைந்தார். கையுறையில் உணர்கருவிகளைப் பொருத்தி, ஆபத்து நேரும்போது ஒலி எழச் செய்தார். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் சிறு மின்னதிர்ச்சி தரும்படி அமைத்தார். ஆபத்தான வேலையைச் செய்ய விரும்பிய நோயாளி, முதலில் கருவியை அணைத்துவிட்டு, வேலையை முடித்துக்கொண்டு, மீண்டும் இயக்கினார்! தானே அணைக்கக்கூடிய வலி ஒருவரையும் காப்பதில்லை என்ற முடிவுக்கு அம்மருத்துவர் வந்தார்.

தொழில் நெறி குறித்து இதைவிடத் தெளிவான பாடத்தை நான் எந்த நூலிலும் கற்றதில்லை. மென்பொருள் பொறியாளருக்கான ஒழுக்க நெறிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் இரு பெரும் கணினியியல் அமைப்புகள் 1999-இல் ஒரு நெறித் தொகுப்பை வெளியிட்டன. பொதுமக்களின் நலனே முதன்மையானது என்று அது கூறுகிறது. அந்நாட்டில் மென்பொருள் பொறியாளருக்கு உரிமம் வழங்கும் தேர்வும் 2013-இல் தொடங்கியது. மிகச் சிலரே எழுதியதால் 2019-இல் அது கைவிடப்பட்டது. நிறுவனங்களின் சுவர்களில் தரக்கொள்கைகள் சட்டமிட்டுத் தொங்குகின்றன. ஆனால் இவையெல்லாம் அணைத்துவைக்கக் கூடியவை. கெடு நெருங்கும்போது முதலில் அணைக்கப்படுவதும் அவையே. தெராக் கருவியை இயக்கியவர்களும் திரையில் பிழை எண் தோன்றும்போதெல்லாம் ஒரு விசையை அழுத்தி மேலே செல்லப் பழகியிருந்தார்கள். நாள்தோறும் பலமுறை தோன்றும் எச்சரிக்கையை எவர் மதிப்பார்?

ஆகவே, தனிமனிதரின் மனச்சான்றைத் தட்டி எழுப்பினால் போதும் என்ற அறிவுரையோடு நாம் நின்றுவிட முடியாது. மனச்சான்று விழித்திருந்தும் அதன் குரலுக்கு இடமில்லாத அமைப்பில் அந்த இளைஞர் இருக்கிறார். தீமையான அமைப்புகள் தாமாகத் தோன்றுவதில்லை, தனிமனிதர்களின் தெரிவுகளாலேயே கட்டப்படுகின்றன என்பது திருச்சபையின் சமூகப் படிப்பினை. அதுபோலவே நல்ல அமைப்பையும் தெரிவு செய்துதான் கட்ட வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

இதற்கு இரண்டு மறுப்புகள் கூறப்படுவதுண்டு. மென்பொருள் பாலத்தைப் போன்றதன்று, அது நாள்தோறும் மாறுவது, நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதுவது, எனவே ஒருவரைப் பொறுப்பாக்க இயலாது என்பது முதலாவது. பலர் சேர்ந்து செய்வதால் பொறுப்பு பலமடங்காக வேண்டுமே தவிர இல்லாமற் போகக் கூடாது. பாலத்தையும் ஒருவர் கட்டுவதில்லை; ஆனால் வரைபடத்தில் ஒருவர் கையொப்பமிடுகிறார்.

இரண்டாவது மறுப்பு என்னைப் பெரிதும் சிந்திக்க வைப்பது. உரிமம், தேர்வு, பதிவு என்று வேலி கட்டினால் வசதியற்ற பிள்ளைகளுக்கு இத்துறையின் வாயில் அடைபடும் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. பட்டணத்துப் பெருங்கல்லூரியில் பயிலாமல், பழைய கணினி ஒன்றில் தானே முயன்று கற்று வேலை பெறும் மலைப்பிள்ளைக்கு இத்துறை ஓர் ஏணியாக இருக்கிறது. மருத்துவப் படிப்பின் கதவுகள் எவ்வளவு குறுகலானவை என்பதை நாம் அறிவோம். அத்தகைய கதவு ஒன்றை இங்கும் கட்டிவிடக் கூடாது.

ஆனால் யார் எழுதலாம் என்று கட்டுப்படுத்துவது வேறு. எழுதியதற்கு யார் பெயர் தருவது என்று வரையறுப்பது வேறு. விளையாட்டுக்கான மென்பொருளுக்கு எந்த வேலியும் வேண்டாம். ஒருவரின் உயிரையோ உணவையோ விடுதலையையோ தொடும் மென்பொருள் மட்டும், பெயர் தெரிந்த ஒருவரின் கையொப்பம் இன்றி வெளிவரலாகாது என்று விதிக்கலாம். அவ்வாறு கையொப்பமிட மறுப்பவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்றும் அதே சட்டம் கூற வேண்டும். இவ்விரண்டும் இணைந்தால்தான் வலி, அணைக்க முடியாத வலியாகும். அத்தகைய சட்டம் அந்த இளைஞரைத் தண்டிப்பதற்காக அன்று. அவர் “இயலாது” என்று சொல்லும்போது அவர் தோளுக்குப் பின்னால் நிற்பதற்காகவே.

கைப்பிடிச்சுவர்

புதுவீடு கட்டுபவர் அதன் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், இல்லையேல் அங்கிருந்து விழுபவரின் இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும் என்று இணைச்சட்ட நூல் விதிக்கிறது. அச்சுவர் வீட்டுக்காரரின் வசதிக்காக அன்று. தளத்தின் விளிம்பு எங்கே என்று அவருக்குத் தெரியும். தெரியாமல் வந்து நிற்கும் விருந்தினருக்காகவே அது கட்டப்படுகிறது. மென்பொருளை எழுதுபவருக்கு அதன் விளிம்பு தெரியும். பயன்படுத்தும் மூதாட்டிக்குத் தெரியாது.

கனடாவில் 1907-இல் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கியூபெக் பாலம் இடிந்து 75 தொழிலாளர்கள் மாண்டனர். 1925 முதல் அந்நாட்டுப் பொறியாளர்கள் தம் பணியின் கடமையை ஏற்கும் ஒரு சடங்கை மேற்கொண்டு, எழுதும் கையின் சிறுவிரலில் இரும்பு மோதிரம் அணிகின்றனர். வரைபடம் தீட்டும்போது அது தாளில் உராயும். சிறிய உறுத்தல்தான், ஆனால் கழற்றி வைக்க மனம் வராத உறுத்தல்.

நம் நிறுவனங்கள் மோதிரம் அணிவிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. மக்களுக்கான மென்பொருளை எழுதும் குழுவினர் ஆண்டுக்குச் சில நாட்களாவது, அது பயன்படும் கடையிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் வரிசையில் நின்று பார்க்கட்டும் என்கிறேன். அதை வாங்கும் அரசுத் துறைகள், விலையையும் தேதியையும் கேட்பதுபோலவே, எத்தனை நாள் எந்தெந்த மக்களைக் கொண்டு சோதித்தீர்கள் என்றும் கேட்கட்டும். பெற்றோராகிய நாமும், மென்பொருள் வேலை பெற்ற பிள்ளைகளிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்ட பின்னர், “நீ எழுதுவதை யார் பயன்படுத்துகிறார்கள்? அவர்களில் ஒருவரையாவது பார்த்திருக்கிறாயா?” என்று ஒருமுறை கேட்கலாம். அக்கேள்விக்கு விடை சொல்ல முயலும் பிள்ளையின் கையில் உணர்வு திரும்பத் தொடங்கிவிட்டது என்று நாம் நம்பலாம்.